லைப்ரரி அன்ரி

என்னை வேலைக்கு எடுத்ததே ஒரு தப்புக் கணக்குதான். புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன். உங்கள் மேலாளர் என்னிடம் கேட்டது, 'இளம் ஆலோசகர்களுக்கு ஊக்கமூட்டும் சில குறிப்புகள்'. குறிப்புகள் என்னிடம் இல்லை. ஊக்கமும் கொஞ்சம் தட்டுப்பாடுதான். முழங்கால் வலியும் ஒரு கதையும் இருக்கின்றன. வலியை நான் வைத்துக்கொள்கிறேன்.

டொராண்டோவின் கிழக்கே, ஸ்காபரோவில் ஒரு பல்கலைக்கழக வளாகத்தை ஒட்டி எங்கள் கிளினிக் இருந்தது. மாணவர்கள் தாங்களாகவே வந்து எச்.ஐ.வி. பரிசோதனை செய்துகொள்ளலாம். பெயர் வேண்டாம், விலாசம் வேண்டாம், ஃபோன் நம்பர் வேண்டாம். ஒரு எண் மட்டும் கொடுப்போம். ரத்தம் எடுப்பதற்கு முன்னால் ஆலோசகர் உட்கார்ந்து பேசுவார். இரண்டு வாரம் கழித்து அந்த எண்ணோடு வந்தால் முடிவைச் சொல்லி மறுபடியும் பேசுவார். உடனே முடிவு தெரியும் பரிசோதனை அப்போது எங்கள் இடத்துக்கு வந்து சேரவில்லை. அந்த ஆலோசகர் வேலைதான் எனக்கு.

வளாகத்தில் எங்கு திரும்பினாலும் தமிழ்ப் பிள்ளைகள். எங்கள் கிளினிக்கில் மட்டும் காணோம். தமிழ் பேச ஆள் இல்லாததால்தான் வரவில்லை என்று அன்றைய மேலாளர் முடிவு கட்டினார். என்னை எடுத்தார். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. என் அறைக் கதவில் தமிழில், கொட்டை எழுத்தில், 'எச்.ஐ.வி. பரிசோதனை. இங்கே தமிழில் பேசலாம்' என்று ஓர் அறிவிப்பு வேறு ஒட்டினார். கதவுக்கு நேர் எதிரே காபிக் கடை.

அந்த அறிவிப்புக்குக் கீழே வந்து உட்காருகிறவர் தமிழர் என்பதும், எதற்காக வந்திருக்கிறார் என்பதும், காபிக்கு வரிசையில் நிற்கும் அத்தனை பேருக்கும் ஒரே பார்வையில் தெரியும். தப்பித் தவறி வந்துகொண்டிருந்த நாலைந்து பேரும் என் வாசலுக்கு வருவதை நிறுத்தினார்கள். பக்கத்து அறையில் மாண்டரின் பேசும் ஆலோசகர் ஒருவர் இருந்தார். அவர் கதவில் சீன எழுத்தில் அதே அறிவிப்பு. சீனப் பிள்ளைகள் அதைப் பார்த்ததும் என் அறைக்குள் நுழைந்தார்கள். தமிழ்ப் பிள்ளைகளில் துணிந்தவர்கள் அவர் அறைக்குப் போனார்கள். இரண்டு அறையிலும் ஆள் இருப்பதைப் பார்த்த மேலாளர், திட்டம் பலித்துவிட்டது என்று மேலிடத்துக்கு எழுதினார்.

ரத்தம் எடுக்கும் நர்ஸ் ட்ரினிடாட்டிலிருந்து வந்தவர். அந்தக் கிளினிக்கின் சுவர்களைவிட மூத்தவர் என்று நான் நினைத்துக்கொள்வேன். ஒரு நாள் அவர் இரண்டு அறிவிப்புகளையும் பிய்த்து எடுத்தார். மேலாளர் கேட்டபோது பெயின்ட் உரிந்துவிட்டது என்றார். அந்த வருஷம் எங்கள் கிளினிக்கில் நடந்த பெரிய சீர்திருத்தம் அதுதான்.

இருந்தாலும் தமிழ்ப் பிள்ளைகள் என்னிடம் வந்ததற்குக் காரணம் வேறு. யாழ்ப்பாணத்துக்காரர் இருவர் இந்த ஊரில் சந்தித்தால் வணக்கத்துக்கு அடுத்தபடியாக வரும் கேள்வி ஒன்று உண்டு, உங்களுக்கே தெரியும். 'நீங்கள் ஊரிலை எவடம்?' ஊர் தெரிந்தால் பள்ளிக்கூடம் தெரியும். பள்ளிக்கூடம் தெரிந்தால் மாமி தெரிந்துவிடும். மாமி தெரிந்தால் கதை முடிந்தது. ஒரு நாள் ஒரு பெண் என் எதிரே உட்கார்ந்து, கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு, அதைத்தான் முதலில் கேட்டாள்.

"நான் இந்தியாம்மா. மதுரைப் பக்கம்."

"இஞ்சை உங்களுக்கு ஆக்கள் ஆரும் இருக்கினமோ?"

"வீட்டுக்காரர் இருக்கார். அவருக்கும் யாரையும் தெரியாது."

"அப்ப நல்லது" என்று எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

'அவ இந்தியா, பயமில்லை' என்று பிள்ளைகளிடையே பரவிவிட்டது. நான் வாங்கிய பட்டமும் பயிற்சிச் சான்றிதழும் சுவரில் தொங்கின. ஒருவரும் அவற்றைத் திரும்பிப் பார்க்கவில்லை. தமிழ் பேசுவேன், ஆனால் யாருக்கும் சொந்தமில்லை, அதுதான் என் தகுதி. உங்களில் பலருக்கு அந்த வசதி கிடையாது. அதனால் ஒன்று சொல்கிறேன். வருகிறவர் நீங்கள் எவ்விடம் என்று கேட்டால் பதில் சொல்லுங்கள். திருப்பிக் கேட்டுவிடாதீர்கள். மரியாதைக்குக்கூட வேண்டாம்.

இலங்கையில் போர் முடிந்த வருஷம், ஏப்ரலில், ஒரு பையன் வந்தான். உயரமானவன். இங்கே பிறந்து வளர்ந்தவன், தமிழும் ஆங்கிலமும் கலந்து பேசினான். கதவைத் திறந்ததும், "ஹாய் அன்ரி" என்றான்.

அன்ரி என்றால் எங்கள் ஊர் ஆன்ட்டிதான், அப்படிக் கூப்பிட்டபின் எந்தப் பிள்ளை ஆணுறையைப் பற்றி வாய் திறக்கும்? "இந்த ரூம்ல நான் அன்ரி இல்ல தம்பி. கதவத் தாண்டினப்புறம் என்ன வேணா கூப்பிடுங்க" என்றேன்.

"அப்ப என்னெண்டு கூப்பிடுறது?"

"கூப்பிடவே வேணாம். எதிர்லதானே உக்காந்திருக்கேன்."

சிரித்தான். அதற்கப்புறம் சொன்னான். ஒரே ஒரு தடவை. போன கோடையில், வேலை பார்த்த இடத்தில் பழக்கமான ஒருத்தியோடு. "கொண்டம் இருந்தது. லைக், பொக்கற்றுக்குள்ளை."

பாக்கெட்டில் இருந்தால் அது வேலை செய்யாது என்று சொன்னேன். "ஓம், தெரியும்" என்றான்.

இப்போது ஏன் பரிசோதனை என்று கேட்டேன். வளாகத்தில் ஒரு பெண்ணைப் பிடித்திருக்கிறது, அவளுக்கும் தன்னைப் பிடித்திருக்கிறது போலத் தெரிகிறது, அவளிடம் பேசுவதற்கு முன்னால் தன்னைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும் என்றான். இத்தனை வருஷத்தில் அந்தக் காரணத்தைச் சொல்லி வந்தவர்கள் மிகக் குறைவு. எனக்கு அவனை அப்போதே பிடித்துப்போனது. பிடித்துப்போவது இந்த வேலைக்கு நல்லதில்லை.

இரண்டு வாரத்தில் முடிவு வந்தது. பாசிட்டிவ். மற்ற இடங்களில் நல்ல வார்த்தை, எங்கள் அறையில் மட்டும் அப்படியில்லை. மருந்து இருந்தது, நல்ல டாக்டர்கள் இருந்தார்கள். சீக்கிரம் தெரிந்துகொண்டு மருந்தைத் தொடங்குகிறவன் வயதாகி முழங்கால் வலியோடு சாகலாம். ஆனால் அதற்கு அவன் வர வேண்டும். அவன் வரவில்லை.

அவன் பெயர் எனக்குத் தெரியாது. ஃபோன் நம்பர் தெரியாது. நாங்கள் கொடுத்த வாக்குறுதியே அதுதான், அதை நம்பித்தான் அவன் வந்தான். இப்போது அதே வாக்குறுதி எனக்கும் அவனுக்கும் நடுவில் சுவர்போல நின்றது. அந்தப் பெண்ணிடம் அவன் இதற்குள் பேசியிருப்பானோ என்று தினமும் நினைத்துக்கொள்வேன். கதவில் தட்டுகிற சத்தம் கேட்டால் பாய்ந்து எழுவேன். திறந்தால் சீனப் பிள்ளை.

அவன் எங்கே போயிருப்பான் என்பது மட்டும் தெரியும். தமிழ்ப் பிள்ளைகள் எல்லோரும் அங்கேதான் இருந்தார்கள். பரீட்சையைக்கூட விட்டுவிட்டு டவுன்டவுனில், யூனிவர்சிட்டி அவென்யூவில், தெருவில் உட்கார்ந்திருந்தார்கள். வன்னியில் கடற்கரையோரம் ஒரு துண்டு நிலத்துக்குள் சனங்கள் அடைபட்டிருந்தார்கள், அதன்மேல் ஷெல் விழுந்துகொண்டிருந்தது. யுத்தத்தை நிறுத்தச் சொல்லுங்கள் என்று இங்கே பிள்ளைகள் தொண்டை கிழியக் கத்தினார்கள். டொராண்டோ வாகன ஓட்டிகள் போக்குவரத்து நெரிசலைப் பற்றி வானொலியில் கத்தினார்கள்.

"நான் போய்ப் பார்க்கட்டுமா?" என்று நர்ஸிடம் கேட்டேன்.

"எதைப் பார்க்க?" என்றார் அவர். "ஆர்ப்பாட்டத்தைப் பார்க்கவென்றால் போ, அது உன் இஷ்டம். அவனைத் தேடவென்றால் இங்கேயே உட்கார். நீ ஒருத்தனைத் தேடிப் போனாய் என்று தெரிந்தால் நாளைக்கு ஒருத்தரும் உன்னிடம் வர மாட்டார்கள்."

"நான் தமிழச்சி, தமிழச்சியாகப் போகிறேன்."

"அப்படியானால் போ. ஆனால் முகத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போ."

அவர் சொன்ன முகம் எது என்று விளக்குகிறேன். முடிவைக் கையில் வைத்திருக்கும் ஆலோசகரின் முகத்தைத்தான் வருகிறவர் முதலில் படிப்பார். நல்ல முடிவு என்றால் உங்களை அறியாமல் சிரிப்பீர்கள். கெட்ட முடிவு என்றால் அதைவிட அதிகமாகச் சிரிப்பீர்கள். இரண்டும் தப்பு. பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறவரின் முகம்தான் வேண்டும் என்று அந்த நர்ஸ் எனக்குக் கண்ணாடி முன்னால் பழக்கியிருந்தார்.

சனிக்கிழமை போனேன். தேடவில்லை என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள், நானும் நம்பவில்லை. எத்தனையோ ஆயிரம் பேர். பதாகைகள், கைக்குழந்தைகள், சக்கர நாற்காலியில் வயதானவர்கள். தெரிந்தவர், தெரியாதவர் எல்லோரும் எல்லோரிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். 'ஏதும் செய்தியோ?' அந்த மாதம் அது நலம் விசாரிப்பதைப் போல ஆகிவிட்டிருந்தது.

அவனைக் கண்டுவிட்டேன். உயரமானவன் என்றேனே. பக்கத்தில் ஓர் அம்மா, ஒரு கையில் படம் ஒட்டிய அட்டை, மறு கையால் இவன் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அறைக்கு வெளியே நம்மிடம் வந்தவர்கள் நம்மைத் தெரியுமென்று காட்டாதவரை நாம் காட்டக்கூடாது. உங்களுக்கும் அதைத்தான் முதல் நாளே சொல்லியிருப்பார்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டு எதிர்ப்பக்கக் கட்டடத்தைப் பார்த்தேன். பார்க்க ஒன்றுமில்லாத கட்டடம்.

"அன்ரி."

பின்னால் வந்து நின்றான். அம்மாவும் சட்டையோடு சேர்ந்து வந்துவிட்டார்.

"ஆர் தம்பி, இவ?" என்று அம்மா கேட்டார்.

பையன்தான் பதில் சொன்னான். "இவ கம்பஸ் அன்ரி. லைப்ரரியிலை வேலை செய்யிறவ."

சரி, லைப்ரரியில் வேலை செய்கிறேன் என்று நானும் தலையாட்டினேன். அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்கள் ஊரிலை எவடம்?"

"நான் இந்தியாங்க. மதுரைப் பக்கம்."

"இந்தியாவோ" என்றார். அந்த மே மாதத்தில் அந்தத் தெருவில் இந்தியா என்று சொல்வது எளிதாக இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது, காலடியில் தரையைப் பார்த்தேன். அவர் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். திட்டவில்லை. என் கையைப் பிடித்தார்.

"என்ரை தம்பி வன்னிக்குள்ளை நிக்கிறான். கனநாளா ஒரு ஃபோனும் இல்லை. உங்கட ஆக்கள் ஏதும் செய்வினமோ? அங்கை எலெக்‌ஷன் முடியத் திரும்பிப் பாப்பினம் எண்டு எல்லாரும் சொல்லுகினம். உங்களுக்கு ஏதும் செய்தியோ?"

அட்டையில் ஒட்டியிருந்த படம் அந்தத் தம்பியுடையதுதான். நெற்றியில் திருநீறு பூசி, சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு, பாஸ்போர்ட்டுக்கு எடுத்த படம்.

"எனக்கு ஒண்ணும் தெரியலீங்க" என்றேன். அது உண்மை.

அப்போது பையன் கேட்டான். அம்மாவின் தலைக்கு மேலாக, என் முகத்தையே பார்த்துக்கொண்டு, அதே வார்த்தையில் கேட்டான். "எனக்கு ஏதும் செய்தியோ அன்ரி?"

இங்கே கொஞ்சம் நிறுத்திக்கொள்கிறேன், ஏனென்றால் பயிற்சி வகுப்பில் இதற்கு விடை கிடையாது. இருக்கிறது என்றால் முடிவைச் சொன்னதாகும். இல்லை என்றால் பொய். அப்புறம் சொல்கிறேன் என்று இழுத்தால் அவன் அந்த நிமிஷமே புரிந்துகொள்வான், அதுவும் அம்மா சட்டையைப் பிடித்திருக்கும்போது. சும்மா இருந்தாலும் அதுவே பதில். நெகட்டிவாக இருந்திருந்தால்கூட அங்கே சொல்லியிருக்கக் கூடாது. நல்லதைத் தெருவில் சொல்லிவிட்டால், அடுத்தவரிடம் நீங்கள் சொல்லாமல் இருப்பதே கெட்ட முடிவாகிவிடும். பஸ் முகத்தை மாட்டிக்கொண்டேன். லைப்ரரிதான் வாயில் வந்தது.

"நீங்க கேட்டிருந்த புத்தகம் வந்திருக்கு தம்பி. நேர்ல வந்து வாங்கிக்கணும்."

அவனுக்குப் புரிந்தது. உதட்டை நக்கிக்கொண்டான். "தடிச்ச புத்தகமோ?"

"எந்தப் புத்தகமா இருந்தாலும் நேர்ல வந்துதான் வாங்கணும். எல்லாருக்கும் அதே ரூல். ரோட்டுல வெச்சுப் பிரிக்க மாட்டோம்."

"நான் திருப்பி அனுப்பச் சொன்னா?"

"உங்க பேருக்கு வந்தது. வேற யாருக்கும் குடுக்க முடியாது."

அம்மா அவன் முதுகில் ஒன்று வைத்தார். "புத்தகத்தைச் சொல்லி எடுப்பிச்சுப்போட்டுத் திருப்பி அனுப்புறதோ? அவ மினக்கெட்டு எடுத்து வைச்சிருக்கிறா. போய் எடடா. இஞ்சை நிண்டு கத்துறதுக்கு நான் நிக்கிறன்." என்னிடம் திரும்பி, "இவன் புத்தகங்களை ஒழுங்காத் திருப்பிக் குடுக்கிறவனோ?" என்று கேட்டார்.

"நல்ல பையன்ங்க" என்றேன். அது என் வாயிலிருந்து வந்த இரண்டாவது உண்மை.

அந்த வாரம் முழுக்க அவன் வரவில்லை. அடுத்த வார இறுதியோடு விக்டோரியா நாள் விடுமுறை, திங்களும் சேர்ந்து நீண்ட விடுமுறை. அந்தத் திங்கள்தான் வன்னியில் எல்லாம் முடிந்துவிட்டது என்று செய்தி வந்தது. அன்றைக்கே இருட்டியதும் நகரம் முழுக்க வழக்கம்போல வாணவேடிக்கை. செத்துப்போன ஒரு ராணியின் பிறந்தநாளுக்காக அஜின்கோர்ட்டில் நாங்கள் குடியிருந்த கட்டடத்துக்குப் பின்னாலும் வெடித்தார்கள். பக்கத்துத் தமிழ் வீடுகளில் யாரும் பால்கனிக்கு வரவில்லை. என் வீட்டுக்காரர் எழுந்து ஜன்னலைச் சாத்தினார்.

செவ்வாய்க்கிழமை கிளினிக்கைத் திறந்தபோது அவன் வாசலில் நின்றிருந்தான்.

இதை எழுதலாமா என்று அவனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். நகரத்துக்கு வெளியே விட்பியில் வீடு வாங்கி, தினமும் ரயிலில் டவுன்டவுன் வந்துபோகிறான். மருந்து சாப்பிடுகிறான். ஆரோக்கியமாக இருக்கிறான். ரயில் தாமதத்தைத் தவிர வேறு புகார் இல்லை. எழுதுங்கோ, ஆனா என்னை உயரமா எழுதுங்கோ என்றான். பிறகு அந்தப் பெண்ணிடம் எல்லாவற்றையும் சொன்னான், அவளையே கட்டினான். அதற்கு மேல் எழுத வேண்டுமானால் அவளிடம் கேட்க வேண்டும், நான் கேட்கவில்லை. இப்போது அந்தச் செவ்வாய்க்கிழமைக்குத் திரும்புவோம்.

உட்கார்ந்தான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "மாமா இல்லையாம். நேற்று ஒருத்தர் ஃபோன் எடுத்துச் சொன்னவர். வீட்டிலை இருக்கேலாது. லைப்ரரிக்குப் போறன் எண்டு அம்மாட்டைச் சொன்னனான். புத்தகத்தையாவது எடு எண்டு சொன்னவ."

எண் எழுதிய சீட்டை நீட்டினான். முடிவைச் சொல்வதைத் தள்ளிப்போடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். மாமா செத்த செய்தி வந்த மறுநாள் ஒரு பிள்ளையிடம் இதையும் எப்படிச் சொல்வது? ஆனால் அவன் அந்த வீட்டிலிருந்து எழுந்து வந்திருக்கிறான். இன்னொரு முறை வருவான் என்று யார் உறுதி சொல்ல முடியும்? வந்தவனைத் திருப்பி அனுப்பும் உரிமை எனக்கு இல்லை என்று பட்டது. எனக்கு இரக்கமாக இருக்கிறது என்பதற்காக அவனுக்கு உரியதை நான் பிடித்துவைக்கக் கூடாது.

நான் வாயைத் திறப்பதற்குள், "தமிழிலை சொல்லாதேங்கோ, பிளீஸ்" என்றான். "தமிழிலை இப்ப ஒரு நல்ல செய்தியும் வாறேல்லை."

ஆங்கிலத்தில் சொன்னேன். ஒரே வாக்கியம், முதல் மூச்சிலேயே. பிறகு வாயை மூடிக்கொண்டேன். இதையும் நர்ஸ்தான் சொல்லிக்கொடுத்தார். சொன்ன பிறகு வரும் அமைதி அவர்களுடையது, அதில் நாம் ஆறுதல் பேசிக் கெடுக்கக் கூடாது. சுவரில் தொங்கிய என் சான்றிதழை அவன் நெடுநேரம் பார்த்தான். அதை முழுக்கப் படித்தவன் அவன் ஒருவன்தான்.

பிறகுதான் மருந்தைப் பற்றிச் சொன்னேன். படிக்கலாம், வேலைக்குப் போகலாம், குழந்தை பெறலாம், சொல்ல வேண்டியவர்களிடம் சொல்லும்போது நானே கூட இருப்பேன் என்றேன். வியாழக்கிழமைக்கு எங்கள் கிளினிக் டாக்டரிடம் நேரம் வாங்கிக் கொடுத்தேன். எவ்வளவு காதில் விழுந்தது என்று தெரியவில்லை. எழுந்து கதவுவரை போய்த் திரும்பினான்.

"நான் வீட்டை போய் அழலாம்தானே?"

"இங்கயே அழலாமே தம்பி."

"இல்லை. இஞ்சை அழுதா நீங்கள் பாப்பியள். அங்கை எல்லாரும் அழுகினம், ஒருத்தரும் பாக்க மாட்டினம்."

அவன் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு நான் அழுதேன். இது எந்தக் கையேட்டிலும் இல்லை, நீங்கள் செய்தாலும் குற்றமில்லை. அடுத்த சீனப் பிள்ளை தட்டும்வரை அழுதேன்.

வியாழக்கிழமை சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டான். முகம் வீங்கியிருந்தது. டாக்டர் கூப்பிடும்வரை என் அறையில் உட்கார்ந்திருந்தான்.

"அழுதீங்களா?"

"ஓம். வடிவா, கனநேரம் அழுதன். அம்மா வந்து பக்கத்திலை இருந்து என்ரை தலையை மடியிலை வைச்சவ." டாக்டர் அறைப் பக்கம் பார்த்தான். "மாமாவை நீ நேரிலை கண்டதுகூட இல்லையே, உனக்கு அவனிலை இவ்வளவு பாசமோடா எண்டு கேட்டவ."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஓமெண்டு சொன்னனான்."